மச்சான் பட்டறைக் குழாய்

ஆகஸ்ட் 1986, புதன்.

எங்கள் கழிவுநீர் நிலையத் தொட்டியில் அழுக்கைத் தின்னும் கிருமிகள் மறுபடி செத்துவிட்டன. சாக்கடை அப்படியே மாஹிம் கடலுக்குப் போகிறது. பக்ரீத் முடிந்ததும் தோல் பட்டறைகளில் வேலை குவியும், கிருமிகளைக் கொல்லும் நீல ரசாயனமும் கூடும். அந்த நீலத் தண்ணீர் வந்த வழியே தாராவியில் ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறந்து பார்த்துப் போனேன். என் மனைவி ஆயிஷாவின் அண்ணன் பட்டறையில் போய் முடிந்தது.

"கடலுக்குப் போற தண்ணிக்கு எதுக்கு மாப்ள சுத்தம்? எல்லாவனுந்தான் விடுதான்" என்றார்.

"நாளைக்குக் குழாய அடைக்க ஆள் வரும் மச்சான்."

"வந்தா வரட்டும். தங்கச்சிக்கு இதக் கொண்டு போங்க" என்று பக்ரீத் குர்பானிக் கறியில் போட்ட உப்புக்கண்டத்தைப் பொட்டலமாகத் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆயிஷா இப்போது அதைப் பொரிக்கிறாள். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டாள். சுகமாக இருக்கிறார் என்றேன்.