சம்பளம் வந்த அன்றைக்கு

என் வீட்டு நிதி மந்திரிக்கு உன் வீட்டுக்காரன் பயபக்தியோடு எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? எனக்குத் தொப்பையைத் தவிர ஒரு குறையும் இல்லை.

மகள் முதல் சம்பளத்தை ஒரே வாரத்தில் கரைத்துவிட்டாள், அவள் பேங்க் கார்டைப் பிடுங்கி வைத்தேன், அதிலிருந்து என்னோடு பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கே நடந்ததைக் கேள்.

நான் நாற்காலி போடும் கூடத்தில் இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. வயசுப் பிள்ளைகள் காசைக் கட்டிக்காக்க எப்படி உதவுவது என்று சொல்லித்தருகிறார்கள். சம்பளத்தைக் கரைத்துவிட்ட பையனாக நடிக்க ஆள் இல்லாமல், பயிற்சி நடத்தும் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மீசைக்கு மை பூசிட்டு வரட்டுங்களா?" என்றேன்.

முதலில் பயிற்சிக்கு வந்த ஒரு தடித்த ஆள், "பொறுப்பு வேணாமாப்பா? அவ்வளவையும் என்ன பண்ணின?" என்றார். நடிப்புதான், ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"போச்சு! இந்தப் பையன் இனிமே உங்ககிட்ட வரமாட்டான்" என்றார் டீச்சரம்மா.

அடுத்து ஒரு சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "சம்பளம் வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். புது ஷூ, கூட்டாளிகளோடு சினிமா என்று இல்லாத கதையெல்லாம் கொட்டினேன். கடைசியில், "அடுத்த மாசம் வாடகையை முதல்ல எடுத்து வச்சிடறேன்" என்று நானே சொல்கிறேன்! யாரும் புத்தி சொல்லவே இல்லை.

கார்டைக் கொடுத்துவிடு. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இரு. உனக்கு அது கஷ்டம்தான்! எனக்கு இரண்டு கைக்குட்டை அனுப்பு. புதிது வேண்டாம், நீ துவைத்து மடித்தது போதும். அடுத்த கூட்டம் வந்துவிட்டது, ஓடுகிறேன். அவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. சம்பளம் வந்த அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவில்லையே.

உன் தொப்பைக்காரன்