அமாவாசையில் மாட்டிய விரால்

26.3.1971, வெள்ளி இரவு.

தவக்கால வெள்ளி, வீட்டில் கறி கிடையாது. மீனாவது பிடிப்போம் என்று தையல் மிஷினை மூடிவிட்டுத் தூண்டிலோடு பாகூர் ஏரிக்குக் கிளம்பினேன். சைக்கிள் கடைத் தண்டபாணி வழிமறித்தான். அக்காவைக் கடலோர நல்லவாட்டில் கட்டிக்கொடுத்ததிலிருந்து கடலே தன் சொத்து என்பது போலப் பேசுவான்.

"இன்னிக்கி அமாவாசபா. கடலு பொங்கும், மீனு வாயத் தொறக்காது."

"கடலு பொங்கினா ஏரிக்கு இன்னாடா? நீ அமாவாசையில எப்பனா தூண்டில் போட்டுப் பாத்துருக்கியா?"

"சீ! விரத நாள்ல மீனத் தொடுவாங்களா?"

இதுதான் இவர்கள் லட்சணம். ஊரில் ஒருவனும் அன்றைக்குத் தூண்டில் போட்டதில்லை. மீன் கடிக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்!

வெயில் தாழ்வதற்குள் முழங்கை நீள விரால் மாட்டியது. அதை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, வேண்டுமென்றே அவன் கடை முன் நின்று மணி அடித்தேன்.

தண்டபாணி அசரவில்லை. "நீ மாதா கோயிலு ஆளு. உனுக்கு அமாவாச கணக்கில்ல."

குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு முடித்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த அமாவாசைக்கும் போகத்தான் போகிறேன். எனக்குக் கணக்கில்லை என்றே இருக்கட்டும். நான் எந்தக் கோயில் என்று அந்த விராலுக்கு யாரடா சொன்னது?