மூன்று என்று எழுதினேன்

என்னங்க,

ரத்தம் கொடுத்தாயிற்று. பதினோரு குழாய். குழந்தை ஏன் தங்குவதில்லை என்பது மூன்று வாரத்தில் தெரியுமாம். தெரியாமலும் போகலாமாம்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும் முன் நீங்களும் ரத்தம் கொடுத்து, படிவம் நிரப்பிவிட்டுப் போனீர்களே, நர்ஸ் அதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை தடவை கலைஞ்சதுன்னு நீங்க மூணு போட்டிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் நாலு போட்டிருக்காரே. எது சரிம்மா?"

நான் போடாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டாவதற்குப் பிறகு வந்தது, ஏழாம் வாரத்தில் குளியலறையிலேயே முடிந்துபோனது. நீங்கள் ஏற்கெனவே இடிந்து போயிருந்தீர்கள். அதனால் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நீங்களே துணி துவைத்தீர்கள், படுக்கை விரிப்பு உட்பட. திடீரென்று என்ன அக்கறை என்று எரிந்து விழுந்தேன். "சும்மாதான்" என்றீர்கள்.

நான்தான் அமுக்குணி என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னை மிஞ்சியவர்.

"அவர் போட்டதுதான் சரி" என்று நர்ஸிடம் சொல்லி, மூன்றை அடித்து நான்கு என்று எழுதினேன்.

ரிப்போர்ட் வருவதற்குள் வந்துவிடுங்கள். அந்த ஒன்றுக்கு நாம் இன்னும் சேர்ந்து அழவில்லை.

உங்கள் வீட்டுக்காரி