ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள்

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் இன்று ஒரு கல்லூரியின் ஆண்டு மலர். முதல்வர் உரையிலேயே பதினேழு பிழை. முப்பத்தொரு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். முதல்வர்கள் மாறுகிறார்கள், பிழைகள் அதேதான்.

மதியம் மருந்துக்கடைக்காரம்மா தேடி வந்தார். என் மகள் பாப்பாவிடம் சனிக்கிழமை வகுப்பில் பங்கு வர்த்தகம் படித்தவர். நவம்பரில் பாப்பா போன அன்று எங்கள் வாசலில் ஓரமாக நின்று அழுதவர்.

"சார், புதுசாக் கத்துக்கறவங்க என்னென்ன புத்தகம் படிக்கணும்னு டீச்சர் ஒரு பட்டியல் எழுதினாங்க. அப்பாகிட்ட திருத்தக் குடுத்திருக்கேன், வந்ததும் தரேன்னு சொன்னாங்க. உங்ககிட்ட இருக்குங்களா?"

"தேடிப் பார்க்கறேம்மா" என்றேன்.

தேட என்ன இருக்கிறது? அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 5, புதன்

எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன்.

ஜூலையில் கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்திரண்டு பக்கம், பழுப்பு உறையில். "ஒற்று நிறைய விட்டிருப்பேன்ப்பா. நேரம் கிடைக்கறப்ப பாருங்க" என்றாள். "வை" என்றேன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். நவம்பர்வரை நான்கு மாதம். ஞாயிறுதோறும் வந்தாள். ஒரு தடவைகூட "பார்த்தீங்களா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நல்ல வேலை அவளுக்கு. காப்பீட்டு நிறுவனத்தில் ஒன்பது வருடம். அதை விட்டுவிட்டுப் பங்கு வாங்கி விற்கிறேன், அதையே சொல்லியும் கொடுக்கிறேன் என்று வந்து நின்றாள். சாப்பாட்டு மேசையில் நான் கேட்டேன்: "சீட்டாடறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சு என்றால் "சாப்பிட்டியா", "மாத்திரை போட்டீங்களா" அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வயது. தலைவலி என்று படுத்தவள். மூளையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர்.

உறையை இன்று எடுத்தேன். பிரிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

பிரித்தேன். பழக்கம் விடுமா, சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் நான்கு ஒற்று, ஒரு ரகரம். ஐந்தாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

முதல் வரியே இதுதான்: "ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். படியுங்கள்."

முதலில் படிக்கச் சொல்லியிருப்பது ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், சதவீதப் பாடம். "நூறு ரூபாய்ப் பங்கு பாதி விழுந்தால் ஐம்பது சதவீதம்தான் நஷ்டம் என்று நினைப்பீர்கள். பழைய இடத்துக்கு வர அது நூறு சதவீதம் ஏற வேண்டும். இதை உங்கள் கையால் எழுதிப் பார்க்காமல் அடுத்த புத்தகத்துக்குப் போகாதீர்கள்." எழுதிப் பார்த்தேன். ஆமாம்.

அடுத்து, நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள். "படங்களை விட்டுவிடுங்கள். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். உண்மைக்கு வெட்கம் அதிகம், அது அங்கேதான் ஒளிந்திருக்கும்." பிறகு, சந்தைகள் சரிந்த கதைகளைச் சொல்லும் வரலாறுகள். பிறகு, பயத்தையும் ஆசையையும் பற்றி மனநல மருத்துவர்கள் எழுதியவை. விலைக் கோடுகளை வைத்து நாளை என்ன ஆகும் என்று சொல்லும் புத்தகங்களுக்குக் கடைசி இடம். படிக்கக் கூடாதவை என்று தனியாக ஒரு பக்கம்: "அட்டையில் கார் படம் இருந்தால் வாங்காதீர்கள். அந்தக் கார் உங்களைப் போன்றவர்கள் அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த பணத்தில் வாங்கியது."

சிரித்துவிட்டேன். சத்தமாக. சமையலறையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நவம்பருக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

சூதாட்டம் என்றேனே. சூதாடப் போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துகிறதே இது.

மார்ச் 16, ஞாயிறு

பட்டியலின் கடைசிப் புத்தகம், படிப்பவருடைய சொந்த நோட்டு. எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன், அப்போது மனசு எப்படி இருந்தது என்று தினமும் எழுதி, மாதம் ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டுமாம். "என்னைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் இதில்தான் படித்தேன்" என்று எழுதியிருக்கிறாள்.

அப்படியானால் அவளுக்கும் ஒரு நோட்டு இருக்க வேண்டுமே. வீட்டுக்காரியைக் கேட்டேன். அவள் துணி அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். நீல அட்டை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டிசம்பர்லயே படிச்சிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அந்தச் சாப்பாட்டு மேசைப் பேச்சுக்கு அடுத்த நாள் தேதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அப்படியே பெயர்த்து எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றாமல்:

"இன்று வாங்கவும் இல்லை விற்கவும் இல்லை. அப்பா சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு வாங்கினால் அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் வாங்குவேன். அது காரணம் ஆகாது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, இதில் இறங்குகிற பலர் இழக்கத்தான் செய்கிறார்கள். எப்படி இழக்காமல் இருப்பது என்று யாராவது எழுத வேண்டும். எழுதி அவரிடமே திருத்தக் கொடுக்க வேண்டும். படித்தால் புரிந்துகொள்வார்."

படிச்சாப் புரிஞ்சுக்குவாராம். அடிப் பாவி. நாலு மாசம் கையிலயே இருந்துச்சே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் — தெரியும். என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியும்.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 22, சனி

பயிற்சி நிலையத்துக்காரர் கூப்பிட்டார். பாப்பா வகுப்பு எடுத்த இடம். மாடியில் நீளமான அறை, வெள்ளைப் பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள். பலகையின் மூலையில் அவள் கையெழுத்தில் "பொறுமை" என்று பாதி அழிந்து கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

மரியாதையாகத்தான் பேசினார். பட்டியலைப் புத்தகமாகப் போடுகிறாராம், அட்டையில் அவள் படம் போட்டு. "ஒரே ஒரு வரி மட்டும் எடுத்துடலாம் சார். ஆறு மாசம் வாங்காதேன்னா வகுப்புக்கு யார் வருவா? 'மூன்றே மாதத்தில் வெற்றி'ன்னு போட்டுக்கலாம்."

"அவ அப்படி எழுதலயே."

"அவங்க இருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க சார்."

எழுந்துவிட்டேன். "என் பொண்ணு எதுக்கு ஒத்துக்குவா, எதுக்கு ஒத்துக்க மாட்டான்னு இருபத்திரண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கா. மாத்தாதீங்க" என்றேன். "அவங்க இங்க வேலை பார்த்தப்ப எழுதினது. ஒரு பிரதி எங்ககிட்டயும் இருக்கு" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

ஏப்ரல் 3, வியாழன்

பாப்பா எழுதியதை மாற்றாமல் நாமே அச்சடிக்கலாமா என்று அச்சக முதலாளியிடம் கேட்டேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "வெட்டினதுல மிஞ்சின தாள் பின்னால கெடக்கு. மெஷின் சும்மா இருக்கறப்ப ஓட்டிக்க" என்றார்.

ஒற்றுகளைப் போட்டேன். ரகரத்தை மாற்றினேன். வாக்கியங்களில் கை வைக்கவில்லை. ஓரிடத்தில் ஒரே சொல் மூன்று முறை வருகிறது. வேறு யார் எழுதியிருந்தாலும் அடித்திருப்பேன்.

ஏப்ரல் 19, சனி

இருநூறு பிரதி. வீட்டுக்காரி தைத்தாள். மருந்துக்கடைக்காரம்மா தன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, கேட்பவர்களுக்குச் சும்மா கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று என் தொலைபேசி எண்ணைப் போடச் சொன்னார். "எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன். "டீச்சர் நம்பரப் போட முடியாதே சார்" என்றார். போட்டேன்.

மே 8, வியாழன்

பயிற்சி நிலையத்துக்காரருடைய புத்தகமும் வந்துவிட்டது. வழவழப்பான தாள். அட்டையில் பாப்பா சிரிக்கிறாள், பக்கத்தில் "மூன்றே மாதத்தில்". உள்ளே முதல் வரி இல்லை. காரைப் பற்றிய பக்கமும் இல்லை.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வருடக்கணக்கில் இழுக்கும், அப்புறமும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கடைகளில் அவர் புத்தகம் அடுக்கு அடுக்காக இருக்கிறது. நம்முடையது ஒரே ஒரு மருந்துக்கடையில், இருமல் மருந்துக்குப் பக்கத்தில்.

வீட்டுக்காரி அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றாள். கத்தரித்து வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

மே 20, செவ்வாய்

ஒன்றுமில்லை. மழை.

ஜூன் 11, புதன்

காலையில் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைப்பு. தெரியாத எண். ஆண் குரல், லாரி ஓட்டுகிறாராம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்றார்.

"அண்ணே, ரெண்டு புத்தகம் இருக்கு என்கிட்ட. எழுதினவங்க பேரு ரெண்டுலயும் ஒண்ணுதான். ஒண்ணு மூணு மாசம்ங்குது, இன்னொண்ணு ஆறு மாசம் தொடாதேங்குது. வண்டியைக் குடுத்துட்டு முழுசா இதுல இறங்கலாம்னு இருக்கேன். நாளைக்கு ஆள் வந்து வண்டியப் பார்க்கறாங்க. எழுதினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு..."

"நான் அவங்க அப்பா."

"அவங்க இல்லைங்களா?"

"இல்லப்பா."

போனை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். "ஆறு மாசம்னு இருக்கே, அதுதான் அவ எழுதினது" என்றேன். "வண்டிய விக்காதே. ஓட்டிக்கிட்டே படி. முதல் பக்கத்தை எடுத்து வெச்சுக்கோ, சேர்ந்தே படிப்போம்."

நான் வாசிக்க வாசிக்க அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். சிலவற்றுக்குப் பதில் தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில், நாளைக்கு வருகிற ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அடுத்த புதன்கிழமை ஆண்டறிக்கையோடு கூப்பிடுவாராம்.

வைத்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அச்சகத்துக்குத் தாமதம். வீட்டுக்காரி எப்போது வந்து எதிரில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"யாரு?" என்றாள்.

"பாப்பாகிட்ட படிக்கிறவரு" என்றேன்.