நண்டின் பிய்ந்த யுஎஸ்பி

2025 நவம்பர் 1, சனிக்கிழமை, மாலை 4.10. யுஎஸ்பி கனெக்டரின் ஐந்து கால்களில் மூன்றைப் பற்றவைத்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் ஒட்ட இடமே இல்லை. பழையதைப் பிய்த்தபோது சர்க்யூட் போர்டில் இருந்த செம்புத் தடங்களையும் சேர்த்தே பிய்த்திருக்கிறாய்.

உன் அப்பா நம்முடைய ஆறுகால் ரோபோ நண்டைக் கருவாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மேசை முழுக்க அந்த வாசம்தான். சால்டரிங் புகையால்கூட அதை அடிக்க முடியவில்லை. "எய்யா, நாளைக்குக் கல்லறைத் திருநாள். அவன் கல்லறை மேல நண்டு நாலு எட்டு நடந்தாப் போதும். அவன் அம்மை பாக்கணும்னு சொல்லுதா" என்றார்.

நண்டுக்குக் கட்டளை லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகத்தான் போக வேண்டும். புது போர்டு போட்டால் அரை மணி நேர வேலை. நண்டு நடக்கும்; உன் நண்டு நடக்காது. பெரியதாழைக் கடற்கரை மணலில் குப்புறப் படுத்து, நிஜ நண்டுகளைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்று நீ போட்ட எண்கள் இந்தப் போர்டில் மட்டும்தான் இருக்கின்றன. நகல் எடுத்து வை என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "அதுக்குள்ளதானலே கெடக்கு, எங்க ஓடிரப்போவுது?" என்பாய்.

உங்கள் வீட்டில் முடிச்சுப் போட்ட எவனும் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டான். தோணிக் கயிறென்றால் சரி. நீ யுஎஸ்பி கேபிளையும் சொருகிய கையோடு வெடுக்கென்று இழுப்பாய். கடைசித் தடவை கனெக்டரே கையோடு வந்துவிட்டது.

"ஏலே, இது என்ன நங்கூரமா? உன் கைய வெட்டணும்லே."

"பிஞ்சு வாரதா இருந்தா கரையிலயே வரட்டும்லே, கடல்ல வரக்கூடாது" என்று சிரித்தாய். "கடலே இல்லாத நாசரேத்துக்காரன் ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? வாளித் தண்ணில நீச்சல் படிச்ச பய!"

அடுத்த வாரம் உன் அப்பாவின் தோணியைக் கரையில் கட்டும்போது கயிறு அறுந்து உன் கழுத்தில் அடித்தது. கரையிலேயேதான் வந்தது.

சாவு வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள், "இழுத்துப் பாக்காம விட்டிருக்க மாட்டானே" என்று. பார்த்துத்தான் இருப்பாய். வெயிலில் மக்கிய நைலான் கயிறு, மறுமுனையில் சரக்கேற்றிய தோணி. கையால் இழுத்து என்ன தெரியும்? அதை எப்போதோ மாற்றியிருக்க வேண்டியவர் உன் அப்பா. அவருக்கும் அது தெரியும். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மணி ஆறு. பிய்ந்த இரண்டும் தகவல் போகும் தடங்கள். போர்டைச் சுரண்டி, மிச்சமிருந்த செம்பைக் கண்டுபிடித்து, தலைமுடி கனத்துக் கம்பியால் இணைத்தேன். லேப்டாப் நண்டை அடையாளம் கண்டுகொண்டது. உன் எண்கள் வரிவரியாக வந்தன. மூன்றாம் காலுக்கு நீ போட்டது தப்பு. அதனால்தான் நண்டு எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போனது. திருத்தப் போனேன். பிறகு விட்டுவிட்டு, அப்படியே ஒரு நகல் எடுத்தேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. கனெக்டரைச் சுற்றி எபாக்சி பசை பூசி, விடியும்வரை காயவிட வேண்டும்.

2. எண்களுக்கு இன்னும் இரண்டு நகல். மூன்றாம் காலைத் தொடக்கூடாது.

3. காலையில் முதல் பஸ்ஸில் உங்கள் ஊர் தூத்துக்குடிக்கு. கல்லறையில் மெழுகு சிந்தாத இடமாகப் பார்த்து நண்டை வைக்க வேண்டும்.

4. கயிற்றைப் பற்றி உன் அப்பா கேட்டால் பொய் சொல்லக்கூடாது. கேட்காவிட்டால் நானாகச் சொல்லக்கூடாது.

5. கேபிளைச் சொருகியதும், இழுத்துப் பார்க்கச் சொல்லி அவரிடமே கொடுக்க வேண்டும். இதுவாவது அவர் கையில் தாங்கட்டும்.