கொடியில் உன் இடம்

அண்ணா,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. புது எருமைக்கு உன் பெயரை வைத்துவிட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, தீனியைக் கண்டால் ஓடி வரும். வேறு எந்தப் பெயர் பொருந்தும், நீயே சொல்.

தீபாவளியன்று குளத்தங்கரையில் நம் குலத்து ஆண்கள் எல்லாரும் வழக்கம்போல் வரிசையாக நின்று, புல்லால் பின்னிய ஒரே நீளக் கொடியைப் பிடித்து, செத்துப்போனவர்களுக்குப் பாயசம் படைத்தோம். சின்ன வயதில் நீ கொடிக்கு அடியில் என் விலாவைக் கிள்ளுவாய். நான் சிரிப்பேன், அப்பாவிடம் அடி எனக்குத்தான் விழும். இந்த வருடமும் யாரும் கிள்ளவில்லை. ஒரு மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தேன். சித்தப்பா கத்தினார். "யாருக்குடா இது? வரப்புச் சண்டையில கோவிச்சுக்கிட்டு சூரத்துல உக்காந்திருக்கானே, அவனுக்கா?"

"வந்தா நிக்கட்டுமே சித்தப்பா. கொடி என்ன உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?"

அந்த நேரம் பார்த்து குளத்தில் கிடந்த நம் புது எருமை ஏறி வந்து, சரியாக உன் இடத்தில் நின்று கொடியைத் தின்னத் தொடங்கியது. "ஏய் உகமா! உகமா!" என்று உன் பெயரைச் சொல்லி எல்லாரும் கத்தினோம்.

அது வீட்டில் இருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. உனக்கென்று எடுத்துவைத்திருந்த பாயசக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். உன் இடத்தில் எருமையைப் பார்த்தாள். "அவன்தான் வரல. நீயாவது தின்னு" என்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

வரப்பை நீயே வந்து உன் இஷ்டத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொள். எனக்கு வேண்டாம்.

தின்று முடித்ததும் எருமை கிண்ணத்தை மிதித்தது. உன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் கிண்ணம். இப்போது தட்டாக இருக்கிறது.

கிள்ளு வாங்கக் காத்திருக்கும்
உன் தம்பி