ஒரு லட்சம் கிலோமீற்றர்

06.02.2001, செவ்வாய். விசுவமடு

தர்மபுரத்திலிருந்து திரும்பும்போது காரின் மீற்றர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழு வருடமாக வைத்திருக்கிறோம், இப்படி ஒரு விளக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. ‘ரி-பெல்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. “பல்ப் வயர் எங்கையோ உரஞ்சிச் சோட்டாகுது” என்றார் இவர். மீற்றரைப் பார்த்தேன். சரியாக ஒரு லட்சம். ஒரு லட்சத்தில் பார்த்துத்தான் சோட்டாகுமோ? நாளைக்குத் தங்கராசாவிடம் காட்ட வேண்டும்.

07.02.2001

தங்கராசா ஹட்டனில் லொறிக் கராஜில் வேலை பழகியவர். இப்போது றோட்டோரம் தகரக் கொட்டிலில் கராஜ் வைத்திருக்கிறார். விளக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“பழுது இல்லீங்க அக்கா. கார் தானே கணக்கு வச்சிருந்து சொல்லுது. டைமிங் பெல்ட் மாத்துற நேரம் வந்திருச்சு.”

எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் மோதாமல் முறைப்படி ஏறி இறங்க வைப்பது அந்த ரப்பர்ப் பட்டிதானாம். ஓட்டத்தில் அறுந்தால் இரண்டும் மோதி எஞ்சினே போய்விடும். வாகனச் சாமான் எதையும் ஆமி உள்ளே விடாத இந்தத் தடைக்குள் வேறு எஞ்சினுக்கு எங்கே போவது? எங்கள் சாப்பாடே அந்தக் காரை ஹயருக்கு, வாடகைக்கு, ஓடித்தான்.

இவர் விடவில்லை. “முப்பது வருசமா வாகனம் ஓடுறன். மொறிஸ் காரிலை செயின் தேஞ்சால் கறகறவெண்டு சொல்லிப்போடும். என்ரை காதுக்குத் தெரியாமல் அறுமோ?”

“அது செயினுங்க அண்ணே. பெல்ட்டு சத்தமே போடாது.”

“எப்ப அறும்?” என்று நான் கேட்டேன்.

“அது யாருக்குமே தெரியாதுங்க அக்கா. அதனாலதான் அதுக்கு முன்னுக்கே மாத்துறது.”

எனக்கு அது போதும்.

10.02.2001

விளக்குக்கு மேலே இவர் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்.

12.02.2001

உரித்து எறிந்தேன். சண்டை. “எஞ்சினைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?” எண்டு கேட்டார். ஒண்டும் தெரியாதுதான். ஒரு லட்சம் எண்டு வாசிக்கத் தெரியும்! சுத்துவட்டாரச் சனம் வருத்தம் துன்பமெண்டால் இந்தக் காரைத்தானே தேடி வருகுது — நோயாளியோடை நடுக்காட்டிலை நிண்டால் ஆர் பதில் சொல்லுறது? காதாம், காது. கார்த் திறப்பை எடுத்து அரிசிப் பானைக்குள்ளை புதைச்சிட்டன். வவுனியாவிலையிருந்து பெல்ட் வருமட்டும் கார் நிக்கட்டும்.

இவர் சைக்கிளில் போய் வருகிறார். என்னோடு கதையில்லை.

19.02.2001

பக்கத்துக் காணிச் சிவதர்சினிக்கு நிறைமாதம். காலை பத்து மணிக்குத் திடீரென்று வலிப்பு. அந்தப் பிள்ளையை உழவு மெசினில் குலுக்கிக்கொண்டு போக முடியுமா? பானைக்குள் கைவிட்டுத் திறப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். “உறுமவிடாமல் ஓடுங்கோ” என்று மட்டும் சொன்னேன். எடுத்துக் கொடுத்தது சரிதான். பெல்ட் அறுந்திருந்தாலும் சரிதான் என்றே எழுதுவேன்.

மூன்று மணிக்கு இவர் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். பெண்பிள்ளையாம். தாய்க்கும் வலிப்பு நின்றுவிட்டதாம். குசினி வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“போற வழி முழுக்கக் காதைக் குடுத்துக்கொண்டு ஓடினன். ஒண்டுமே கேக்கேல்லை, பத்மா. அதுதான் பயமாக் கிடந்தது.”

திறப்பைத் தானே பானைக்குள் போட்டார்.

24.02.2001

வன்னியை விட்டு வெளியே, வவுனியாவில் கண் கிளினிக்குக்குப் போக எனக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. நோயாளிக்குத்தான் கொடுக்கிறார்கள்; இவருக்குக் கேட்டால் கிடைக்காது. தங்கராசா பெல்ட்டின் இலக்கத்தை எழுதித் தந்தார். “மடிச்சுறாதீங்க அக்கா. மடிச்சா உள்ள இருக்கிற நூல் ஒடஞ்சிரும்.” மடிக்கவும் கூடாது, ஆமிச் சோதனைச் சாவடியால் வாகனச் சாமான் கொண்டுவரவும் விடமாட்டார்கள். “வேண்டாம், விடும்” என்கிறார் இவர். நான் கொண்டு வருவேன்.

06.03.2001

கொண்டு வந்துவிட்டேன்.

வவுனியாக் கடையில் அந்த இலக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரவு பூவரசங்குளத்தில் அண்ணி வீட்டில் தங்கினேன். அண்ணிதான் யோசனை சொன்னா. காலையில் பெல்ட்டுக்குள் காலை விட்டு இடுப்புவரைக்கும் ஏற்றினேன். கொஞ்சம் தளர்வு. உள்பாவாடையோடு நாலு இடத்தில் தைத்துவிட்டா. அதன்மேல் சேலை.

சாவடியில் சோதித்த ஆமிக்காரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கை இடுப்பில் பட்டதும் நின்றுவிட்டது. “மொகத்த?” என்றாள். என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறாள். வாய் தடுமாறவில்லை.

“பெல்ட்” என்றேன். முதுகைப் பிடித்து முகத்தைச் சுளித்துக் காட்டினேன்.

அவள் தன் முதுகையும் தொட்டுக் காட்டினாள். நாள் முழுக்க நிற்கிறாள், பாவம். போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

பொய் சொல்லவில்லையே? பெல்ட்தானே!

பெல்ட்டின் பற்கள் இடுப்பைச் சுற்றிப் பதிந்துபோயிருக்கின்றன. இவர் தேங்காய் எண்ணெய் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

08.03.2001

மாற்றியாயிற்று. கழற்றிய பழைய பெல்ட்டைத் தங்கராசா வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வெடிப்பும் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“இது இன்னும் எவ்வளவு ஓடியிருக்கும்?” என்று இவர் கேட்டார்.

“பத்தாயிரமும் ஓடியிருக்கும், பத்து மைலோடயும் போயிருக்கும். இந்தப் புழுதிக்கும் வெயிலுக்கும் அடுத்த தடவை லட்சம் வரைக்கும் பாக்காதீங்க. எண்பதாயிரத்தோட மாத்திப்புடுங்க.”

இவர் காருக்குள் எட்டி மீற்றரைப் பார்த்துக்கொண்டார்.

15.03.2001

இன்று மூன்று ஹயர். மத்தியானம் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட பொனற்றைத் திறந்தேன். உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் இவரின் கோணல் எழுத்து:

‘டைமிங் பெல்ட் மாற்றியது 100,214. அடுத்தது 180,000. பத்மா சொன்னால் அதற்கு முன்னம்.’